கைமாத்து

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், கணக்குப் பிரிவு மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் முதலில் நேரம், அதற்குக் கீழே மகளின் பெயர், அதற்கும் கீழே ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் மூன்று சிறு வாக்கியங்கள். "செத்துட்டேன். மூணு நியாவாவும் போச்சு. கைமாத்துங்க." திறந்து படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் முதல் சொல்லிலேயே நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். நான் எழவில்லை. எனக்கு வந்தது பயம் அல்ல, பொறாமை. அந்தச் சொற்கள் எனக்குப் பழகியவை. டிவி கேம் விளையாடுகிறவர்கள் பேசும் சொற்கள். அதிலும் என் அக்கா வீட்டுச் சொற்கள். பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் அடுக்குமாடி வீட்டில், பழைய டிவி கேம் பெட்டி ஒன்றுக்கு முன்னால் மகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பாள், அக்கா தேநீர் போட எழுந்து போயிருப்பாள், சமையலறையில் இருப்பவளைக் கூப்பிட அனுப்பிய செய்தி கை தவறி எனக்கு வந்துவிட்டது என்று ஒரு முழுக் காட்சியை நானே கட்டிக்கொண்டேன். வேலை நாளில், நான் இங்கே எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இருவரும் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். சற்று நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது செய்தி அழிக்கப்பட்டிருந்தது. 'தப்பா அனுப்பிட்டேன் மா' என்று ஒரு வரிகூட இல்லை. அந்த அழிப்பு என்னை இன்னும் எரித்தது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதைப் போல இருந்தது.

இது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. மேசையில் எது அதிர்ந்தாலும் இன்னும் பதறி எடுத்துப் பார்க்கிறேன். எழுதினால் குறையுமோ என்றுதான் எழுதுகிறேன். எழுத வேண்டுமானால் அக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு எல்லாமே அவளிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது, அதுவே என் குறை.

அப்பா ரயில்வேயில் எழுத்தர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயதும் அக்காவுக்குப் பதின்மூன்றும் ஆனபோது, அப்பா பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தார். ஜப்பானியப் பெட்டி ஒன்றின் நகல் அது. கேசட்டை மேலே செருக வேண்டும். படம் வராவிட்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். விளையாடுகிறவர் கையில் பிடிக்கும் கண்ட்ரோல் இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்றுதான் வேலை செய்தது. அந்த ஒரு பழுதுதான் என் பிள்ளைப் பருவத்தின் தலையெழுத்தாகிவிட்டது. ஒரு கண்ட்ரோலை இரண்டு பேர் எப்படிப் பகிர்வது? ஒருவர் செத்தால் அடுத்தவர் கைக்கு மாற வேண்டும் என்று சட்டம் போட்டோம். அந்தச் சட்டத்துக்குப் பெயர் வைத்தவள் நான்தான். அக்கா ஆடிக்கொண்டிருக்கும்போது அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "கைமாத்து, கைமாத்து" என்று கத்திக்கொண்டே இருப்பேன். ஊரில் கைமாத்து என்றால் அவசரத்துக்கு வாங்கும் கடன் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்டி ஒருநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்க, வீட்ல ரொம்பக் கஷ்டமா? புள்ளைங்க தினமும் கைமாத்து கைமாத்துன்னு கத்துதுங்க, கேக்கவே பாவமா இருக்கு" என்றாராம். அம்மா அன்று முழுவதும் அவமானத்தில் எங்களோடு பேசவில்லை.

அம்மாவுக்கு இன்னொரு சொல்லும் பொறுக்காது. "வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு ஏத்துற நேரத்துல, செத்தேன் செத்தேன்னு என்னாடி பேச்சு இது?" என்று கரண்டியோடு வருவார். அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி, வெள்ளிக்கிழமைகளில் மலாய் மொழியில் சாவது. செத்தேன் என்பதற்கு 'மாத்தி'. உயிர் என்பதற்கு 'நியாவா'. "மலாய்ல செத்தா சாமிக்குப் புரியாதுமா" என்று சமாதானமும் சொன்னாள். மாத்தி நாளடைவில் உதிர்ந்துவிட்டது. நியாவா மட்டும் எல்லாக் கிழமைகளிலும் ஒட்டிக்கொண்டது. "எத்தன நியாவா இருக்கு?" "ஒண்ணுதான்." "அப்ப சீக்கிரம் செத்துத் தொல." அக்கா தங்கைக்கு நடுவில் இதைவிட இயல்பான உரையாடல் அந்த நாட்களில் கிடையாது.

அந்தப் பெட்டியின் விளையாட்டுகள் எவ்வளவு கடினமானவை என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியே இல்லை. மூன்று நியாவாவும் போனால் முதல் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. கதை என்ன, நாயகன் யார், எதற்காக ஓடுகிறான் என்று எதுவும் தெரியாது. அதனால் எங்களைக் கொல்கிறவர்களின் பெயரையே விளையாட்டுக்கு வைத்தோம். ஒன்று குருவி கேம். பள்ளத்தைத் தாண்டக் குதிக்கும் அதே நொடியில் எங்கிருந்தோ ஒரு குருவி வந்து நெஞ்சில் மோதும், விழுந்தால் சாவு. இன்னொன்று சுவர் கேம். ஓடுகிற வண்டியில் போகும்போது சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும், கண்ணால் பார்த்துத் திருப்ப நேரம் இருக்காது, வரிசையை மனப்பாடம் செய்தால்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே மொட்டை கேம். அதன் கடைசியில் கோட்டைவாசலில் ஒரு மொட்டைத் தலை அரக்கன் நிற்பான். பள்ளியில் அவனைக் கண்ணால் பார்த்தவர்களே ஒன்றிரண்டு பேர்தான்.

அக்கா இவற்றை ஆடிய விதத்தை நான் நாள்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கு வேறு வேலை இல்லை. நான் செத்தால் கத்துவேன், கண்ட்ரோலைத் தரையில் அடிப்பேன், குருவியைத் திட்டுவேன். அக்கா செத்தால் தலையைச் சாய்த்து ஒரு கணம் திரையையே பார்ப்பாள். "அது நம்ம மேல கோவத்துல வரலடி. அது அதுபாட்டுக்குப் பறக்குது. நாமதான் அது வர்ற நேரத்துல குதிக்கிறோம்" என்பாள். பிறகு அடுத்த முறை ஒரு அடி பின்வாங்கி நின்று, குருவியைப் போகவிட்டு, குதிப்பாள். ஆரம்பத்தில் அவளும் என்னைப் போலத்தான் செத்தாள். ஆனால் ஒரே இடத்தில் மூன்றாம் முறை சாகமாட்டாள். சில மாதங்களில் அவள் சாவதே அபூர்வமாகிவிட்டது. அப்படியென்றால் என் முறை வருவதும் அபூர்வமாகிவிட்டது. என் நியாவாக்கள் மூன்றும் ஒரு பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். அவளுடையவை மாலை முழுவதும் நீளும். அவள் சாக வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி நான். வேண்டுதல் முழுவதும் தமிழில்தான்.

மொட்டை கேமை அவள் முடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறை. இடையில் அணைக்க முடியாது என்பதால் பெட்டியை ஓடவிட்டு, சூடேறும் அடாப்டரைச் சிமெண்டுத் தரையில் கிடத்தி, அதன் பக்கத்தில் அம்மாவின் கைவிசிறியை வைத்து, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தாள். இரண்டாம் நாள் மாலை மொட்டையன் விழுந்தான். நான்கூடத் துள்ளிக் குதித்தேன். திரையில் நான்கு வரி ஜப்பானிய எழுத்து ஓடியது. அதன் பிறகு முதல் கட்டம் திரும்ப வந்தது, அதே மரம், அதே மேகம். "கேசட் கெட்டுப் போச்சு" என்றேன் நான். எனக்குள் ஒரு மூலையில் நிம்மதிகூட இருந்தது. மறுநாள் கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். சீனக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழும் மலாயும் கலந்து, "ரோசாக் இல்ல லா அமோய். எல்லாருக்கும் இப்படித்தான். இன்னொரு தடவ விளையாடச் சொல்லுது" என்றார். பழுது இல்லையாம், அது கேட்கிறதாம், இன்னொரு தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டவளிடம் மறுபடி முதலிலிருந்து வா என்று சொல்வது என்ன நியாயம்? அக்கா சிரித்தாள். "கெட்டுப் போகலையாமே" என்று கேசட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டாம் சுற்றில் எல்லாம் இரு மடங்கு வேகம். அதையும் முடித்தாள். திரையில் ஒரு சூரியன் மறைந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றுமில்லை. அப்போது கண்ட்ரோலை என் மடியில் போட்டு, "இந்தா, கைமாத்து" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஆடுவதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது கைக்கு வருவது என்ன கொடை? அந்தக் கணத்தை நான் என்னோடு எடுத்துக்கொண்டே வளர்ந்தேன்.

நான் கணக்கியல் படித்தேன், மணமானது, கிள்ளானுக்கு வந்தேன், ஒரு மகள். அக்கா தாதியானாள். பங்சாரில் ஒரு மருத்துவமனையில் வேலை, பிரிக்பீல்ட்ஸிலேயே வீடு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவினர்கள் கேட்டால், "இன்னும் ஸ்டார்ட் பொத்தானையே அமுக்கல, ஆன்டி" என்பாள். இந்த வாழ்க்கைக் கணக்கில் நான்தான் முன்னால் நிற்கிறேன் என்று பல வருடங்கள் உள்ளூர நம்பியிருந்தேன். என் மகளுக்குப் பதினைந்து வயது ஆகும்வரை.

ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டு அலமாரியில் அந்தப் பெட்டியை மகள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகள் எனக்கு இல்லாமல் போயின. காலையில் கொமூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போவாள். இருட்டும்போது, அக்கா வீட்டுச் சோப்பின் வாசனை சட்டையில் ஒட்டியிருக்க, திரும்பி வருவாள். நான் 'என்ன சாப்பிட்ட' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்பாள். ஆனால் கைப்பேசியில் பெரியம்மாவோடு பேசும்போது வீடே அதிரும்படி சிரிப்பாள். நானும் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தேன், கடையில் இருந்ததிலேயே நல்லது. "தேங்க்ஸ் மா" என்று அழகாகச் சொல்லிவிட்டு அடுக்கில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நம் மொழியிலும் எனக்கு ஒரு தகராறு உண்டு. பெற்றவள் அம்மா. அவளுடைய அக்கா பெரியம்மா. பெற்றவளைவிடப் பெரிய அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று மொழியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கும்போது, நான் யாரிடம் போய் முறையிடுவது?

மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அதற்கு முதல்படியான புகுமுகப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தாள். அதுவும் கிடைக்கவில்லை. அன்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. "போதும்டா. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காலேஜ்ல அக்கவுண்டிங் படி. அம்மா படிச்சதுதானே? நல்லாத்தானே இருக்கேன்?" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிள்ளை தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுபடி அந்த நாளுக்கு வருகிறேன். ஐந்தே காலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டேன். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கணவர், "பிள்ளை எங்க? உங்க அக்கா வீட்டுலயா?" என்றார். "வேற எங்க" என்றேன். அதற்குமேல் அழைத்துப் பார்க்க என் வீம்பு விடவில்லை. அவளாக வரட்டும், அவளாகச் சொல்லட்டும் என்று வெங்காயம் நறுக்கினேன். ஏழு மணி நெருங்கியும் காணோம் என்றபோது மகளின் எண்ணுக்கு அழைத்தேன். அணைந்திருந்தது. அக்காவுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை, மறுபடி மறுபடி அழைத்தேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள். பின்னால் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம்.

"என்னடி இத்தன மிஸ்டு கால்? டியூட்டில இருக்கேன், இப்பதான் லாக்கரத் தொறந்தேன்."

"விளையாடுனது போதும், அவள அனுப்பி வை. மணி என்னாவுது?"

"யாரை?"

"என்னாக்கா யாரை? என் மகளைத்தான். உன் வீட்ல கேம் ஆடிக்கிட்டு இருக்காளே."

"என்ன கேம்? அந்தப் பெட்டி செத்து மூணு வாரமாச்சு. அடாப்டர் புகைஞ்சு போச்சு. நான் காலையிலேர்ந்து வார்டுல நிக்கிறேன்டி. அவ என் வீட்டுக்கு வரவே இல்ல."

மூன்று மணி நேரத்துக்கும் மேலாக என் மனதில் விளையாட்டாக இருந்த அந்தச் சொல், அந்த இடத்தில் தமிழாகிவிட்டது. செத்துட்டேன். என் கையிலிருந்த கத்தியைக் கணவர் வந்து வாங்கி வைத்தது நினைவிருக்கிறது. நான் என்ன சத்தம் போட்டேன் என்று நினைவில்லை.

"அழாத. என்ன மெசேஜ் வந்துச்சு? ஒரு வார்த்த மாத்தாம அப்படியே சொல்லு" என்றாள் அக்கா. சொன்னேன்.

"மூணு நியாவான்னா சொன்னா?"

"ஆமா. ஏன்? ரெண்டுதானே? விண்ணப்பம் ஒண்ணு, மேல்முறையீடு ஒண்ணு. மூணாவது என்னாது?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். தனியார் கல்லூரி ஒன்றில் உதவிச் சம்பளத்தோடு இடம் தரும் நேர்முகத் தேர்வுக்கு மகள் போயிருக்கிறாள். அக்காதான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். முடிவு இன்றைக்கு வர வேண்டியது. "உங்கிட்ட சொல்ல வேணாம்னு அவதான்டி சொன்னா. அம்மா போதும்னு சொல்லிட்டாங்க, கிடைச்சா நானே சொல்லிக்கிறேன், கிடைக்கலன்னா இன்னொரு தடவ அவங்க மூஞ்சியப் பாக்க முடியாதுன்னா."

எனக்குத் தெரியாமல் என் மகளிடம் இன்னும் ஒரு உயிர் இருந்திருக்கிறது. அது போனதும் எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பயத்தின் நடுவிலும் என் ஒரு பகுதி 'நேர்முகத் தேர்வுக்கு அவள் போயிருக்கிறாள், நான் போகவில்லை' என்றுதான் முனகியது. பொறாமைக்கு நேரம் காலம் தெரியாது.

கணவர் மகளின் தோழிகளுக்கு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். பிள்ளை திரும்பினால் வீட்டில் ஆள் வேண்டும் என்று அவர் அங்கேயே இருந்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கிளம்பினேன். இடிந்துபோனால் அவள் போகும் இடம் எது என்று கேட்டால், அக்கா வீடு என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது. நெடுஞ்சாலையில் மழை. கண்ணாடியைத் துடைக்கும் கரங்கள் போய் வந்துகொண்டிருந்தன, முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை நகரவே இல்லை. பக்கத்து லோரியின் சக்கரம் தெளித்த தண்ணீர் என் பக்கம் முழுவதையும் மறைத்தபோது, நான் வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் பக்கத்தில் இருந்தவள் சாக வேண்டும் என்று எந்தப் பிள்ளையாரிடம் கேட்டேனோ, அதே பிள்ளையாரிடம்.

அக்கா எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். தாதி உடையைக்கூட மாற்றாமல், ரயில் நிலையத்திலிருந்து வரும் பாதை தெரியும் சன்னலில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "வழியில ஸ்டேஷன் முழுக்கப் பாத்துட்டேன், இல்ல" என்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. கணவர் அழைத்தார், தோழிகள் யாருக்கும் தெரியவில்லையாம், இன்னும் அரைமணி பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போகலாம் என்றார். கைப்பேசியை வைத்ததும் எனக்குள் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"உன்னத்தான் கூப்பிட்டா அவ. முடியலன்னு உன்னத்தான் கூப்பிட்டா. அது தப்பி எங்கிட்ட வந்துச்சு, நான் அதப் பாத்துட்டுக் கவுத்து வெச்சேன். உங்கிட்டயே வந்திருந்தா அப்பவே ஓடிப் போயிருப்ப. எல்லாமே உன் கையில, எப்பவுமே உன் கையில."

"எனக்கு அனுப்புனான்னு யாரு சொன்னா?"

"கைமாத்துன்னு எங்கிட்டயா சொல்லுவா? உங்க ரெண்டு பேர் பாஷ லா அது!"

அக்கா சன்னலிலிருந்து திரும்பினாள். கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து என்னை ஒரு கணம் பார்த்தாள். "எங்க பாஷையா? எனக்கு எதுக்குடி அந்த வார்த்த? நான் எப்பக் கைமாத்து கேட்டேன்? காதுகிட்ட உக்காந்து கத்துனது நீதானே. அவ என்னைப் பத்தி என்னா கேக்குறா இங்க? சின்ன வயசுல கேம்ல அம்மா எங்க சாவாங்க, அம்மா எப்படி அழுவாங்க, சனிக்கிழம பூரா இதே கதைதான். எனக்கே போர் அடிச்சுப் போச்சு."

அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே வண்டிகள் ஈரச் சாலையில் இரைந்துகொண்டு போயின. அலமாரியில் அந்தப் பெட்டி ஒரு துணி போர்த்திக் கிடந்தது. அக்காவின் விரல்கள் சன்னல் கம்பியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எதற்கும் பதறாதவள் என்று நான் நாற்பது வயதுவரை எரிச்சல்பட்டது இவளைப் பார்த்துத்தான்.

எட்டே முக்கால் இருக்கும். வாசலில் இரும்புக் கதவு உரசும் சத்தம் கேட்டது. அக்காதான் ஓடினாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். மகள் தலையோடு நனைந்து, காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "எங்கடி போய்த் தொலஞ்ச?" என்று கேட்டது அக்கா. மகள் பதில் சொன்னது என்னிடம்.

"உங்க ஆபீசுக்குத்தான்மா போனேன். மெசேஜ் போட்டேன்ல? படிச்சதுக்கு ரெண்டு நீலக்கோடு வந்துச்சு, நீங்க ஒண்ணும் சொல்லல. வேலையா இருப்பீங்கன்னு அழிச்சுட்டு நேராவே வந்தேன். கார்ட் அங்கிள், இப்பதான்மா வண்டி எடுத்துட்டுப் போனாங்கன்னாரு. போன்ல பேட்டரி இல்ல. மழ வேற, அங்க ஸ்டேஷன்லயே ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். அப்பாகிட்ட மொதல்ல சொன்னா அவரு அழுதுடுவாரு."

"இங்க எப்படிடா வந்த?" என்றேன்.

"எங்க போயிருப்பீங்க நீங்க? என்னைக் காணோம்னா பெரியம்மாகூட சண்ட போட இங்கதான் வருவீங்கன்னு தெரியும் லா."

அக்கா துண்டு எடுக்க உள்ளே போனாள். மகள் காலணிகளைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்தோடு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் என் மடியில் போட்டாள்.

"எனக்கு இதுக்கு மேல ஆடத் தெரியலம்மா," என்றாள். "கொஞ்ச நேரம் நீங்க புடிங்க."